வெற்றிச்செல்வன் எழுப்பிய ஃபோன்கள்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில், ஜூஸ் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. உள்ளே ஒருவன் குனிந்த தலை நிமிராமல் ஃபோன்களுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருப்பான். ஒட்டி முடித்ததும் நகத்தால் ஓரத்தை ஒரு தடவு தடவிவிட்டு, பெரிய ஆபரேஷனை முடித்த டாக்டர் மாதிரி பெருமூச்சு விடுவான். அவன்தான் வெற்றிச்செல்வன். ஒரு காலத்தில் பாடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் இவன் கடை வாசலில் கைகட்டி நின்றார்கள் என்று சொன்னால் இன்றைக்கு ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புவேன். அவர்கள் நின்றது என் கடையை மறைத்துக்கொண்டுதான்.

என் பெயர் கமலம். ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங். கமலத்துக்கு வாய் நீளம் என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். வாயில்லாதவளாக இருந்திருந்தால் என்றைக்கோ என்னைக் கடையைவிட்டுக் கிளப்பியிருப்பார்கள்.

வெற்றியின் அப்பா அழகேசன் அண்ணன் நல்ல மனிதர். குத்தம்பாக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் வேலை செய்த குடும்பம். அவர்தான் முதலில் வெளியே வந்து, பாடியில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து, ஷிப்டு ஷிப்டாக உழைத்து, அம்பத்தூரில் ஒரு ஓட்டு வீட்டைக் கட்டினார். மூத்தவன் வெற்றிச்செல்வன், இளையவள் பானுப்பிரியா. பெண் படித்தாள். பையன் ஐ.டி.ஐ. முடித்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். சூப்பர்வைசர் தன்னை "டேய்" என்று கூப்பிட்டுவிட்டார் என்று இவன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தான். "எவனும் என்ன அதிகாரம் பண்ணக்கூடாதுக்கா. நானு யாருக்கும் கட்டுப்பட்டவன் கெடையாது" என்று என்னிடம் வந்து நெஞ்சை நிமிர்த்தினான். அம்மா போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு பேசுகிற வீரம், அதற்கு என்ன குறைச்சல்.

பிறகு செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டு என் கடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சார்ஜர் பின் மாற்றுவது, தண்ணீரில் விழுந்த ஃபோனை அரிசியில் புதைப்பது என்று காலம் ஓடியது. அப்போதுதான் ஐபோன் வந்தது.

இது 2010, 2011 வாக்கில் நடந்த கதை. ஐபோன் அன்றைக்கு இங்கே சுலபமாக வாங்குகிற சாமான் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்குப் பாசத்தோடு அனுப்பி வைப்பார்கள். பிரித்துப் பார்த்தால் அது அந்த ஊர் சிம்மோடுதான் பேசும். நம்மூர் சிம்மைப் போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பூட்டை உடைக்க ஒரு வழி உண்டு. ஃபோனுக்குள் ஓடுகிற அடிப்படை மென்பொருளில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும். கண்காணாத தேசத்தில் யார் பெற்ற பிள்ளைகளோ மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக உள்ளே போய்ப் பூட்டைத் திறக்கிற ஒரு கருவியை எழுதி, இந்தாருங்கள் என்று வலையில் இலவசமாகப் போட்டுவிடுவார்கள். ஜெயில்பிரேக் என்பார்கள் அதை. இதில் வெற்றிச்செல்வனின் பங்கு, அதை டவுன்லோடு பண்ணியது. அதுவும் என் கடை இன்டர்நெட்டில்.

ஃபோனைக் கேபிளில் மாட்டி, மேலே இருக்கிற பொத்தானையும் கீழே இருக்கிற பொத்தானையும் சேர்த்து அழுத்தி, கொஞ்ச நேரம் கழித்து மேலே இருப்பதை மட்டும் விட வேண்டும். எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று திரையிலேயே படம் போட்டுக் காட்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை. வெற்றி அதற்கு ஒரு திரைச்சீலை கட்டினான். ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "கொஞ்சம் மோசமான பூட்டு சார். நாளைக்கு சாங்காலமா வாங்க, ட்ரை பண்றேன்" என்பான். மாங்காட்டு அம்மன் கோயிலில் வாங்கி வந்த எலுமிச்சம்பழம் ஒன்று லேப்டாப்புக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வான். திரையில் காட்டுகிற படத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்ட ஒரே மெக்கானிக் இவன்தான்.

அதோடு விட்டானா? ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிரசங்கம் வேறு.

"சார், இது நீங்க காசு குட்து வாங்குன பொருளு. இத்த போடு, அத்த போடாதன்னு சொல்றதுக்கு கம்பெனிக்காரன் யாரு? ஊடு உங்க்து, சாவி அவன்கிட்டன்னா இன்னா நாயம் சார்? அதான் நானு ஒடச்சி உடுறேன். இப்ப நீங்க ராஜா."

கேட்கிறவர்களுக்குப் புல்லரித்துவிடும். எனக்கே முதல் இரண்டு தடவை கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகுதான் அவன் வீட்டு லட்சணம் ஞாபகத்துக்கு வரும். அழகேசன் அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டில் இவன் வைத்ததுதான் சட்டம். டி.வி. ரிமோட் அவன் தலைமாட்டில் இருக்கும். அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போக இவனைக் கேட்க வேண்டும். பானு சுடிதாருக்கு எந்தத் தையற்கடைக்குப் போகலாம் என்பதுகூட இவன் தீர்மானிப்பான். ஊருக்கெல்லாம் உபதேசம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தக் கம்பெனிக்காரன் விழித்துக்கொண்டு ஓட்டையை அடைத்தான். பிள்ளைகள் புது ஓட்டையைத் தேடினார்கள். கிடைத்த புது ஓட்டையில் பாதி வேலைதான் நடந்தது. பூட்டு திறக்கும், ஃபோன் வேலை செய்யும், எல்லாம் சரி. ஆனால் ஒரு தடவை அணைந்துவிட்டால் தானாக எழுந்திருக்காது. மறுபடி ஒரு கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி, பொத்தானை அழுத்தி, கருவியை ஓட்டினால்தான் கண் திறக்கும். அதுவரை அது வெறும் கண்ணாடி வில்லை. கட்டுத்தறியில் கட்டின மாடு மாதிரி அந்த ஃபோன் கம்ப்யூட்டரை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது. இவர்கள் தொழிலில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு. நான் கயிறு ஃபோன் என்றுதான் சொல்வேன்.

நேர்மையான கடைக்காரன் என்ன செய்வான்? "சார், இது அரைகுறைதான், நல்ல வழி வர்ற வரைக்கும் பொறுங்க" என்பான். வெற்றிச்செல்வன் ஊரிலிருந்த ஐபோனையெல்லாம் கயிற்றில் கட்டினான்.

அது எந்தக் காலம்? கரண்ட் கட்டு காலம். காலையில் போகும், மத்தியானம் போகும், போகமாட்டேன் என்று சொன்ன நேரத்திலும் போகும். அந்த ஃபோனுக்கோ ஒரு நாளைக்குச் சார்ஜ் நிற்பதே பெரும்பாடு. சார்ஜ் போனால் ஃபோன் அணையும், அணைந்தால் எழுந்திருக்காது. ஆகவே காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு கூட்டம் செத்த ஃபோன்களோடு நிற்கும். மொகப்பேர் ஃப்ளாட் சங்கத்துச் செயலாளர் நடேசன் சார், பூந்தமல்லி ரியல் எஸ்டேட்காரர், ஆவடியிலிருந்து ஒரு பேராசிரியை. ராஜாக்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

நடேசன் சார் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், மரியாதைக்காரர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, எங்க ஃப்ளாட்டுலயே எல்லார்கிட்டயும் கம்ப்யூட்டர் இருக்கே. அந்தக் கருவியை எனக்கு ஒரு சி.டி.ல போட்டுக் கொடுத்திட்டா நானே வீட்டுல பண்ணிக்க மாட்டேனா?"

வெற்றி அவரை ஒரு பார்வை பார்த்தான். குழந்தை கத்தியைக் கேட்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"சார், ஊசி மருந்து மெடிக்கல்ல கெடைக்குது. அதுக்காக நீங்களே குத்திக்குவீங்களா? பட்டன் புடிக்கறது கைராசி சார். ஒரு செகண்டு மிஸ்ஸாச்சின்னா ஃபோனு மொத்தமா பூட்சின்னு வெச்சிக்கங்க."

அவர் பயந்துபோய் ஃபோனை இரண்டு கையாலும் நீட்டினார். எம்.எஸ்ஸி. படித்த மனுஷன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் வெற்றியின் மேல் பாதி, அவர் மேல் பாதி.

இதில் என் வயிற்றெரிச்சல் தனி. கரண்ட் இல்லாதபோது இவன் எப்படி ஃபோனை எழுப்புவான்? இவன் லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, பிளக்கில் போட்டால்தான் ஓடும். என் கடையில் டைப்பிங் கம்ப்யூட்டருக்காக ஒரு இன்வர்ட்டர் வைத்திருந்தேன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தடுப்புக்கு மேலே ஒரு ஒயரை விட்டு அதில் சொருகிக்கொண்டான். "கமலக்கா, கொஞ்சம் ஹெல்ப்பு" என்று ஆரம்பித்தது, பிறகு "அக்கா, ஃபேன நிறுத்து, லோடு தாங்கல" என்று முடிந்தது. என் இன்வர்ட்டர், என் ஃபேன், வேர்க்கிறது எனக்கு. வாய் நீளம் என்று பேரெடுத்த நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பீர்கள். பானுவுக்காகத்தான். அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் என் கடையில் உட்கார்ந்துதான் படிப்பாள்.

பானுப்பிரியா கம்ப்யூட்டர் படித்து முடித்து, எஸ்டேட் பக்கமே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போகிற பெண்ணிடம் ஃபோன் இல்லாமல் எப்படி என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். வெற்றி யோசித்தான். பிறகு ஒரு நாள், யாரோ விற்றுவிட்டுப் போன ஐபோன் ஒன்றைத் துடைத்து, பூட்டை உடைத்து, தங்கையின் கையில் கொடுத்தான். தெருவே வாயைப் பிளந்தது. எப்பேர்ப்பட்ட அண்ணன்! நான்கூட ஒரு நிமிஷம் அவனைத் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து ரகசியம் போலச் சொன்னான்.

"டெதர்டுக்கா, நீ சொல்ற கயிறு ஃபோனு. சார்ஜ் பூட்சின்னா எந்திரிக்காது. நானுதான் எழுப்பணும். எங்க சுத்துனாலும் பொழுது சாய ஊட்டுக்கு வந்துகினுதான் ஆவணும். எப்டி ஐடியா?"

"தங்கச்சிக்கு ஃபோன் வாங்கிக் குட்தியா, மூக்கணாங்கயிறு வாங்கிக் குட்தியாடா?" என்றேன்.

சிரித்தான். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

சொன்னபடியே நடந்தது. தினமும் ஆறு மணிக்கு பானு கடை வாசலில் வந்து நிற்பாள், கையில் அணைந்த ஃபோனோடு. மற்றவர்கள் வரிசையில் நிற்க, இவளை அவன் முதலில் கூப்பிடுவான். அதில் ஒரு பெருமை அவனுக்கு. "பாத்தீங்களா சார், என் தங்கச்சி. ஐ.டி. கம்பெனில கீது. அதுக்கே நானுதான் எழுப்பி உடணும்."

ஒரு நாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே பானுவின் ஃபோன் அணைந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் வேலை செய்கிற நிவேதிதா, "ஏன் நீ இன்னும் இந்தப் பழைய முறையிலேயே வெச்சிருக்க? அணைச்சாலும் தானா எழுந்துக்கற மாதிரி புதுசு வந்து எவ்வளவோ நாளாச்சே" என்றாளாம். தன் லேப்டாப்பில் செருகிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மாற்றியும் கொடுத்துவிட்டாள். பானு ஃபோனை அணைத்துப் பார்த்தாள், எழுந்தது. மறுபடி அணைத்தாள், மறுபடியும் எழுந்தது. சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணனுக்குத் தெரியாம இருக்கும்க்கா" என்றாள். "சொன்னா சந்தோஷப்படுவான். எல்லாருக்கும் மாத்திக் குடுத்துடலாம்."

"போய்ச் சொல்லு" என்றேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

"அண்ணே, இந்த கயிறு மாதிரி இல்லாம, தானா எந்திரிக்கற மாதிரி எதனா புதுசா வந்துக்குதா?"

"இன்னும் வர்ல. அமெரிக்காக்காரனே முடியாம கீறான். வந்தா மொத ஃபோன் உன்துதான்."

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் பானு அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அந்தப் புதுக் கருவி அதில் ஒரு ஓரமாக இருந்தது. இறக்கி வைத்து மாசங்கள் ஆகியிருந்தன. தன் சொந்த ஃபோனுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறான். ஊரார் ஃபோன் எல்லாம் கயிற்றில், தங்கச்சி ஃபோனும் கயிற்றில், அவன் ஃபோன் மட்டும் தானாக எழுந்திருக்கும்.

அவள் அழவில்லை. என் பக்கம் வந்து, "அவனுக்குத் தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள். இப்போதே போய் நடேசன் சார் முன்னால் போட்டு உடைக்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவள் கம்பெனி அவளைப் பெங்களூருக்கு அழைத்திருந்தது. பெரிய ஆபீஸ், நல்ல வேலை. அவளோடு சேர்ந்தவர்களில் அவளை மட்டும்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இங்கேயே இருந்தால் அந்தச் சின்னக் கம்பெனியோடு சரி, அதையும் கல்யாணத்துக்கு முன்னால் இவன் நிறுத்திவிடுவான். வீட்டில் சொல்லியிருக்கிறாள். அழகேசன் அண்ணன் மகன் முகத்தைப் பார்த்தார். அம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். மகன் சொன்ன பதில் என்ன தெரியுமா? கற்பு, காலம் கெட்டுக் கிடக்கு என்று எதையாவது சொல்லியிருந்தால்கூட ஊர் வழக்கம் என்று விட்டிருப்பேன்.

"பெங்களூர்ல ஃபோன் ஆஃப் ஆச்சின்னா யாரு எழுப்புவா?"

இதைச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னானாம்.

அன்றிலிருந்து பானு வேறு பெண்ணாகிவிட்டாள். தினமும் வழக்கம் போல ஆறு மணிக்கு வருவாள். ஜூஸ் கடை ஓரத்தில் நின்று ஃபோனைத் தானே அணைப்பாள். பிறகு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணே, ஆஃப் ஆயிடுச்சி" என்று நீட்டுவாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிடும். ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

முதல் நாளே மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். அவன் ஃபோனை வாங்கி, எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பொத்தானையும் அழுத்தினான். கேபிளை இன்னும் செருகவே இல்லை. ஃபோன் பளிச்சென்று எழுந்துவிட்டது. திருட்டு இப்போது வெளிப்பட்டுவிடும் என்று நான் வாசலுக்கே வந்துவிட்டேன். வரிசையில் நின்ற நடேசன் சார்கூட, "தம்பி, ஒயரே மாட்டலியே?" என்றார்.

வெற்றி கண்ணைத் திறந்தான். ஃபோனைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"பழக்கம் சார்" என்றான். "கை அந்த மாரி ஆயிட்சி. இப்பல்லாம் தொட்டாலே எந்திரிக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் பொய் சொல்லவில்லை. நம்பினான். ஒரு சந்தேகமும் அவனுக்கு வரவில்லை. நடேசன் சாரும் நம்பினார். தன் ஃபோனையும் ஒயர் இல்லாமல் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது எழுந்திருக்கவில்லை. "உங்க்து கொஞ்சம் அழுத்தமான ஃபோனு சார்" என்று சமாதானம் சொன்னான் வெற்றி.

அதற்கப்புறம் தங்கையின் ஃபோனைக் கேபிள் இல்லாமல் எழுப்புவது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. ஜூஸ் கடையில் நிற்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அல்பனுக்கு வாழ்வு வந்த கதைதான். பானு பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனால் அவளிடம் அவன் எதையும் சோதிக்க மாட்டான். ஃபோன் நம்ம கையில் இருக்கிறது, அப்புறம் என்ன என்கிற தைரியம்.

அவள் துணிமணிகள் ஒன்று ஒன்றாக என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பையில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா, காலைல ட்ரெயின். நான் போய்ச் சேந்து நானே ஃபோன் பண்ற வரைக்கும் நீ யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது."

"என்கிட்ட போயி இத கேக்கறியே பானு" என்றேன். "வேற எதனா கேளேன்."

"ஃபோன ஆஃப் பண்ணித்தான் வெச்சிருப்பேன். வழியில அம்மா குரலக் கேட்டன்னா எறங்கித் திரும்பி வந்துடுவேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்க்கா." அப்போதுதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன். போகிறதும் இருக்கிறதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு மயிரிழையில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போகிறவள் போலவே போனாள். மத்தியானம் அம்மா ஏதோ கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். ஃபோன் அணைந்திருந்தது. ஆறு மணி ஆயிற்று, பானு வரவில்லை. ஏழும் ஆயிற்று. அம்மா கடைக்கே ஓடிவந்துவிட்டாள், பின்னாலேயே அழகேசன் அண்ணன், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு. ஆபீசுக்கு ஃபோன் போட்டால் வாட்ச்மேன் எடுத்து, இன்றைக்கு அவள் வரவே இல்லை என்கிறான். பெங்களூர்ப் பேச்சு அன்றைக்கே ரசத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அந்த ஊர் ஞாபகமே வரவில்லை. வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று அவர் மகனை இழுத்தார்.

வெற்றி அசையவில்லை.

"இன்னாத்துக்கு நைனா டென்ஷனாவுற? சார்ஜ் பூட்ருக்கும். அவ்ளோதான்."

"டேய், பொண்ணக் காணோம்ன்றேன், நீ சார்ஜுன்ற?"

"எங்க போயிடுவா? ஃபோனு எந்திரிக்கணும்னா இங்கதான வந்தாவணும். நானு எழுப்பாம யாரு எழுப்புவா? இப்ப வந்து நிப்பா பாரு."

அந்தத் தைரியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரண்ட் போயிருந்தது. என் இன்வர்ட்டரில் அவன் லேப்டாப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதைத் திறந்து வைத்து, கேபிளை எடுத்து நுனியைச் சட்டையில் துடைத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஷட்டரை இறக்கப் போனால், "அக்கா, இன்வர்ட்டர நிறுத்திடாத, பானு வந்துடும்" என்றான். வாசலில் அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. சொல்லிவிடலாமா? சொன்னால் இவர்கள் இப்போதே பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். இவர்கள் கூப்பிட்டால் அவளும் வந்துவிடுவாள். வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் என் வாய் மூடியிருந்தது. அந்தப் பாவம் என்னைச் சேரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெற்றியின் ஃபோன் அடித்தது. திரையில் பானு என்று வந்தது. அம்மா பாய்ந்து வந்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, நான் பெங்களூர் வந்து சேந்துட்டேன். வேலைல சேந்துட்டேன். ஹாஸ்டல்ல..."

"இரு இரு. ஃபோன யாரு எழுப்புனது?"

அழகேசன் அண்ணன் மகனையே பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். ஆஃப் ஆயி கெட்ந்துச்சே. யாரு எழுப்புனா? எவன்கிட்ட குட்த?"

"யாருகிட்டயும் குடுக்கலண்ணே. அது தானாதான் எந்திரிக்குது. ஒரு வாரமாவே தானாதான் எந்திரிக்குது."

"அதெப்டி? நானுதான தெனம்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். கேபிளைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். தொட்டாலே எந்திரிக்கிற கை. அவன் முகம் சுருங்கியதைப் பார்க்கத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்தபோது அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

"நான் வெச்சிடறேண்ணே" என்றாள் பானு. கொஞ்சம் தாமதித்தாள். அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு வைத்துவிட்டாள்.

அம்மா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"கொழந்த சாப்ட்டாளாடா? எங்க தங்கினுகீறாளாம்? கூட யாராச்சும் கீறாங்களாமா?"

வெற்றிச்செல்வன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதையெல்லாம் அவன் கேட்டிருக்கவில்லை.